அரசு மேசையைத் தட்ட ஒருமுறை அனுமதி

காரைக்காலில் வாய் உள்ள எவரும் கல்யாணம் பண்ணிக்கலாம் என்பது சட்டம். அந்த வாய் அலுவலக நேரத்துல, அதிகாரி கேட்கும்போது திறக்கணும் என்பது நடைமுறை. இந்த ரெண்டுக்கும் நடுவுல என் அக்கா மகன் செம்பியன் மாட்டிக்கிட்டு முழிச்ச கதையைத்தான் சொல்லப்போறேன். எந்த அலுவலகம்னு மட்டும் கேக்காதீங்க. நாளைக்கும் எனக்கு அங்க வேலை இருக்கு.

நான் வைத்தியலிங்கம். தருமபுரத்துல மைக் செட் வாடகைக்கு விடுறவன். காதுகுத்துலேருந்து கட்சிக் கூட்டம் வரைக்கும் சத்தம் போட்டே பொழைச்சவன். அதனால எனக்கு மெதுவாப் பேசவும் வராது, பொறுமையும் கிடையாது. செம்பியன் எனக்கு நேர் எதிர். கிளிஞ்சல்மேட்டுல படகு இன்ஜின் மெக்கானிக். செத்துப்போச்சுன்னு எல்லாரும் கைவிட்ட இன்ஜினைக்கூட பேச வெச்சுடுவான். அவனுக்குத்தான் பேச்சு திக்கும். வீட்டுல, கூட்டாளிங்ககிட்ட அவ்வளவா தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்துட்டாருன்னா போச்சு, முதல் எழுத்துலயே நின்னுடுவான்.

அவன் கட்டிக்க ஆசைப்பட்டது ஓத்ரேயை. பிரெஞ்சு சொல்லிக்குடுக்கிற டீச்சர், சர்ச்சுல பாடுற பொண்ணு, கலகலன்னு பேசும். இவன் ஒரு வாக்கியத்தை முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம காத்திருக்கிற ஒரே ஆள் அதுதான். நானெல்லாம் பாதியிலேயே, "சரி சரி, புரிஞ்சுது"ன்னு எந்திரிச்சுடுவேன். அதோட அப்பா மொரீஸ் பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். எங்க ஊர்ல அந்த மாதிரி ஆளுங்களை 'சொல்தா'ன்னுதான் சொல்லுவாங்க. பிரான்ஸ்லேருந்து கல்யாணத்துக்காகவே வந்திருந்தார்.

வேற வேற மதம்ங்கிறதால பதிவாளர் முன்னாடிதான் கல்யாணம். அறிவிப்பு ஒட்டி, ஒரு மாசம் காத்திருந்து, மூணு சாட்சி நிக்க, மாப்பிள்ளையும் பொண்ணும் ஒருத்தருக்கொருத்தர் வாயால உறுதிமொழி சொல்லணும். அறிவிப்பு குடுத்ததுலேருந்து மூணு மாசத்துக்குள்ள முடிக்கலைன்னா எல்லாம் முதல்லேருந்து.

"மூணு மாசம்தான் வைத்தி," என்றார் மொரீஸ். "அதுக்குமேல நான் இங்க இருக்க முடியாது. முடியலைன்னா பொண்ணை என்கூட கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். அங்க என் தங்கச்சி ஒரு பையனைப் பார்த்து வெச்சிருக்கா."

"மூணு மாசம் எதுக்கு சம்பந்தி? ஒரு வரி சொல்றதுக்கு?" என்றேன். என் வாய்க்குச் சர்க்கரை போடணும்.

அந்த ஒரு வரி இதுதான். 'செம்பியனாகிய நான், ஓத்ரேயாகிய உன்னை, சட்டப்படி என் மனைவியாக ஏற்கிறேன்.' அறிவிப்பு ஒட்டின ஒரு மாசம் முடிஞ்சு நாங்க போனப்ப, பதிவு அதிகாரி பூமிநாதன் அதை ஒரு தடவை படிச்சுக் காட்டினார். நல்ல மனுஷன்தான். விதிக்குப் புறம்பா தும்மக்கூட மாட்டார். "சொல்லுங்க தம்பி," என்றார்.

செம்பியன் வாயைத் திறந்தான். 'செ' வரலை. கழுத்து நரம்பு புடைச்சுது, கண்ணு கலங்கிச்சு, 'செ' வரலை. மேல மின்விசிறி சுத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஓத்ரே அவன் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"சார், மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்க," என்றேன்.

"அது கதையில. ஆபீஸ்ல மௌனம்னா பதில் வரலைன்னு அர்த்தம். நினைவூட்டல் அனுப்பணும்."

"எழுதிக் குடுத்துடட்டுமே?"

"எழுதினா அது மனு. சொன்னாத்தான் உறுதிமொழி."

"அவனுக்குத் திக்கும் சார். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்."

பூமிநாதன் உண்மையாவே யோசிச்சார். அவருக்கும் பாவமாத்தான் இருந்திருக்கு. "வாய் பேச முடியாதவங்களுக்குச் சைகை அனுமதி உண்டு. இவரால பேச முடியாதுன்னு மருத்துவச் சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க. முடிச்சுடலாம்."

செம்பியனுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துது. "எனக்குப் பேச வரும் சார்!" என்றான், ஒரு தடங்கல் இல்லாம, பளிச்சுன்னு.

"பாத்தீங்களா?" என்றார் பூமிநாதன் வருத்தத்தோட. "நல்லா பேசுறாரே. அப்ப சான்றிதழும் கிடைக்காது. வாங்க, அடுத்த ஆளு."

அடுத்த சில நாள் நான் என் வைத்தியத்தை எல்லாம் அவன்மேல இறக்கினேன். நாக்குல வசம்பு தடவினேன். திருநள்ளாறுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் எள் தீபம் போட்டேன். வாயில கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டுப் பேசச் சொன்னேன், கல்லை முழுங்கிட்டான். கடைசியில என் அக்கா காசியம்மாதான், "உன் வைத்தியத்தை நிறுத்துடா, புள்ளை பேசலைன்னாலும் பரவாயில்லை, உசுரோட இருக்கட்டும்"னு என்னை விரட்டிவிட்டுச்சு.

ஓத்ரேதான் ஆஃப்ரினைக் கண்டுபுடிச்சுது. பேச்சு வராத குழந்தைங்க, வாதம் வந்து பேச்சு போனவங்க, மறதி வந்த பெரியவங்க, இவங்களுக்கெல்லாம் இசை மூலமா சிகிச்சை குடுக்கிற பொண்ணு. கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துல ஒரு சின்ன இடம். உள்ள ஒரு கீபோர்டு, நாலு கஞ்சிரா, கிலுகிலுப்பை. நாங்க போனப்ப, வாதம் வந்த ஒருத்தர் 'தண்ணி வேணும்'னு ராகம் போட்டுப் பாடி, தண்ணி வாங்கிக் குடிச்சுக்கிட்டு இருந்தார். அவர் சம்சாரம் பக்கத்துல உக்காந்து கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கே என்னவோ ஆயிடுச்சு.

"பாடுறப்ப திக்குறாரா?" என்று கேட்டாங்க ஆஃப்ரின்.

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். இத்தனை வருஷத்துல எவனும் அதைக் கவனிக்கலை. படகுக்குள்ள குனிஞ்சு வேலை பார்க்கிறப்ப அவன் பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருப்பான். ஒரு எழுத்து தட்டாது.

"அதாங்க விஷயம். பாட்டுல அடுத்த எழுத்து எப்ப வரும்னு தாளம் முன்னாடியே சொல்லிடுது. மூச்சும் ஒரே சீரா போகுது. அந்த வழியிலேயே பேச்சையும் கூட்டிக்கிட்டு வரலாம். உங்களுக்குப் புடிச்ச தாளம் எது, செம்பியன்?"

அவன் வெக்கப்பட்டுக்கிட்டே தொடையில தட்டிக் காட்டினான். டுக்கு டுக்கு டுக்கு டுக்கு. டீசல் இன்ஜின், கரையில சும்மா நின்னு ஓடுறப்ப வர்ற சத்தம்.

அந்தத் தாளத்துலேயே ஆரம்பிச்சாங்க. விரலால தட்டிக்கிட்டு, மூச்சை மெள்ள விட்டுக்கிட்டு, முதல் எழுத்தை இழுத்து. மொதல்ல பேரு, அப்புறம் ஊரு, அப்புறம் அந்த ஒரு வரி. மெட்டு ஓத்ரே போட்டது. ஒரு நாள் சாயங்காலம் முழு வரியையும் பாடி முடிச்சுட்டான். நான் அவனைத் தூக்கிச் சுத்தினேன். இடுப்பு புடிச்சுக்கிச்சு.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க சார்," என்றாங்க ஆஃப்ரின். "இது ஊன்றுகோல் மாதிரி. கால் ஊனினதும் கீழ வெச்சுடணும். ஊன்றுகோலையே காலுன்னு நினைச்சுக்கக் கூடாது."

"ஆகட்டும் டாக்டரம்மா," என்றேன். காதுல வாங்கிக்கவே இல்லை. எனக்கு அலுவலகத்துக்கு ஓடுற அவசரம்.

அங்க செம்பியன் தொடையில தட்டிக்கிட்டே அழகாப் பாடினான். வரிசையில நின்னவங்கல்லாம் கைதட்டினாங்க. பூமிநாதன் பேனாவைக் கீழ வெச்சார்.

"இப்ப நீங்க என்ன பண்ணினீங்க?"

"உறுதிமொழி சார்," என்றது ஓத்ரே.

"உறுதிமொழி சொல்லணும்மா. இவர் பாடினார். சட்டத்துல பாடலாம்னு எங்கயும் இல்லை."

"பாடக்கூடாதுன்னும் இல்லையே?"

"கூடாதுன்னு போட்டிருந்தா சௌகரியமா மறுத்திருப்பேன். ஒண்ணுமே போடலை, அதான் சிக்கல். மேலிடத்துக்கு எழுதித்தான் கேட்கணும்."

மொரீஸ் முகம் செவந்துபோச்சு. "எங்க ஊர் மேரியில ஒரே வார்த்தை. 'வீ'. முடிஞ்சுது கல்யாணம்!" என்றார். மேரின்னா அவங்க நகராட்சி. 'வீ'ன்னா ஆமாம்.

"அது உங்க ஊர் சார். அங்க வார்த்தைக்குப் பஞ்சம் போலிருக்கு," என்றார் பூமிநாதன்.

எழுதினார். மேலிடம் அதுக்கு மேலிடத்தைக் கேட்டுச்சு. நாள் ஓடிச்சு. செம்பியன் சோறு இறங்காம கெடந்தான். ஓத்ரே பெட்டியை அடுக்குறதும், அழுதுக்கிட்டே திரும்பப் பிரிக்கிறதுமா இருந்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த அலுவலகத்து வாசல்ல எட்டு ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டிருப்பேன். அதுக்கும் அனுமதி வாங்கணுமாம்.

கெடுவுக்கு முந்தின நாள் பதில் வந்துது. பூமிநாதன் எந்திரிச்சு நின்னு படிச்சார். "'பாடுதல் என்பது இராகத்தோடு கூடிய சொல்லுதலே எனக் கருத இடமுண்டு. ஆகவே இதனை ஒரு சிறப்பு நேர்வாகக் கொண்டு, கீழ்க்காணும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிக்கலாம்.'"

நிபந்தனைகளைக் கேளுங்க. முகாரியில பாடக்கூடாது, கட்டாயக் கல்யாணமோன்னு சந்தேகம் வரும். தாலாட்டு மெட்டு கூடாது, மாப்பிள்ளை வயசு கேள்விக்குள்ளாகும். மாப்பிள்ளை மட்டும் பாடி மத்தவங்க பேசினா சமத்துவம் கெட்டுடும்ங்கிறதால பொண்ணும் பாடணும், மூணு சாட்சியும் பாடணும். அதிகாரியும், 'பதிவு செய்யப்பட்டது' என்பதைப் பாடித்தான் அறிவிக்கணும். தாளத்துக்காக, 'அரசு மேசையைத் தட்ட ஒருமுறை மட்டும் அனுமதி வழங்கப்படுகிறது. மேசைக்குச் சேதம் ஏற்படின் மணமகனே பொறுப்பு.'

"அதிகாரியுமா பாடணும்?" என்று நான் கேட்டேன்.

"அப்படித்தான் போட்டிருக்கு," என்றார் பூமிநாதன். தாளைத் திருப்பி இன்னொரு தடவை படிச்சுப் பார்த்தார்.

மறுநாள்தான் கடைசி நாள். நான் சுருதிப் பெட்டியோட போனேன். சாட்சிங்க நாங்க மூணு பேர். மொரீஸ் தன் பேரையும் விலாசத்தையும் ராணுவ அணிவகுப்பு மெட்டுல பாடினார், பாடுறப்பவே கால் தானா உதைச்சுக்கிச்சு. என் அக்கா நடவுப் பாட்டு மெட்டுல, 'நான்தான் பெத்தவ, நானே சாட்சி'ன்னு குலவையோட முடிச்சுது. நான் பாடினதைப் பத்தி நானே சொல்லக்கூடாது. ஆனா நல்லாத்தான் இருந்துது.

ஓத்ரே பாடினப்ப பக்கத்து அறைக்காரங்கல்லாம் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. அடுத்து செம்பியன். மேசைமேல கையை வெச்சான். ஓத்ரே அவனைப் பார்த்துச் சிரிச்சுது. அவன் என்ன நினைச்சானோ, மேசையைத் தட்டவே மறந்துட்டு, அதோட முகத்தை மட்டும் பார்த்துக்கிட்டு நெதானமாச் சொன்னான். "செம்பியனாகிய நான், ஓத்ரேயாகிய உன்னை, சட்டப்படி என் மனைவியாக ஏற்கிறேன்."

பாடலை. பேசினான். ஒரு எழுத்து திக்கலை. என் அக்கா முந்தானையை வாயில பொத்திக்கிட்டு அழுதுடுச்சு. எனக்கும் சுருதிப் பெட்டி மங்கலாத் தெரிஞ்சுது.

"அய்யய்யோ," என்றார் பூமிநாதன். "பேசிட்டீங்களே தம்பி!"

"ஆமா சார், பேசிட்டான்!" என்று நான் குதிச்சேன்.

"செல்லாது சார். அனுமதி பாட்டுக்குத்தான் வந்திருக்கு."

மொரீஸ் பாய்ஞ்சார். "அன்னிக்குப் பேசலைன்னு திருப்பி அனுப்பினீங்க. இன்னிக்குப் பேசிட்டான்னு திருப்பி அனுப்புறீங்களா?"

"அன்னிக்குப் பண்ணினது சாதாரணக் குறைபாடு. இது வாங்கின சிறப்பு அனுமதியைப் பயன்படுத்தாம விட்டது. பெரிய விஷயம் சார். நாளைக்குத் தணிக்கையில என்னைத்தான் கேப்பாங்க."

செம்பியன் சிரிச்சான். மேசையைத் தட்டினான், டுக்கு டுக்கு டுக்கு டுக்கு. அதே வரியைப் பாடினான். முடிஞ்சுது. மிச்சம் இருந்தது அதிகாரியோட ஒரே வார்த்தை.

பூமிநாதன் எந்திரிச்சார். வாயைத் திறந்தார். 'ப' வரலை. கழுத்து நரம்பு புடைச்சுது, வேர்த்து ஊத்துது, 'ப' வரலை. அவருக்கு ஜன்மத்துல பாட்டு வராதாம். குளிக்கிறப்பக்கூட பாடினதில்லையாம். அலுவலகம் மூடுற நேரம் நெருங்குது. மேல மின்விசிறி சுத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

நல்லா வேணும்னு நான் உள்ளுக்குள்ள குதூகலப்பட்டேன். செம்பியன் அப்படி நினைக்கலை. அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் போயி அவர் பக்கத்துல நின்னான். "ப... பயப்படாதீங்க சார். மூச்சை மெள்ள விடுங்க. முதல் எழுத்தை இழுங்க. நான் தட்டுறேன்."

"ஒருமுறைதானே அனுமதி?" என்று முனகினார் அவர்.

"இது அதே முறைதான் சார், இன்னும் முடியலை," என்றது ஓத்ரே.

டுக்கு டுக்கு டுக்கு டுக்கு. "பஅஅதிவு செய்ய... ப்பட்டது," என்று பூமிநாதன் பாடினார். மொத்த அலுவலகமும் கைதட்டிச்சு. மொரீஸ் அவரைக் கட்டிப்புடிச்சு ரெண்டு கன்னத்துலேயும் முத்தம் குடுத்துட்டார். அந்த மனுஷன் அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பை அவர் வீட்டுலகூடப் பார்த்திருக்க மாட்டாங்க.

கதை இத்தோட முடிஞ்சிருந்தா சுபம். ஆனா பாட்டு வந்துட்ட அதிகாரி சும்மா இருப்பாரா? நடந்ததை அறிக்கையா எழுதி மேல அனுப்பிட்டார். மேலிடத்துக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. 'இசைவழிப் பொதுமக்கள் சேவை' என்று ஒரு திட்டம் பிறந்துது. இனிமே குறைதீர்க்கும் நாள்ல எல்லாக் கோரிக்கையையும் பாட்டாத்தான் சொல்லணும். இதனால மக்களோட ரத்தக்கொதிப்பு குறையும், ஊழியர்களோட செவித்திறன் மேம்படும்னு சுற்றறிக்கை. மைக் செட் யாருதுன்னு கேக்குறீங்களா? என்னுதுதான்.

ஆஃப்ரினைச் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டாங்க. "நடக்க முடியாதவங்களுக்கு ஊன்றுகோல் குடுங்கன்னு சொன்னா, ஊருக்கே ஊன்றுகோல் குடுத்து ஓடச் சொல்றீங்களே!" என்று அவங்க திட்டினாங்க. பாடாம பேசினதால அது நடவடிக்கைக் குறிப்புல ஏறலை.

ஊர் மாறிப்போச்சுங்க. பட்டா மாத்தக் கல்யாணி, ரேஷன் கார்டுக்கு மோகனம்னு டீக்கடையில வாக்குவாதம் நடந்துது. முதியோர் உதவித்தொகை கேட்டு மூணு பேர் சேர்ந்து பாடினப்ப கேட்டவங்க உருகிப்போய் இன்னொரு தடவை பாடச் சொன்னாங்க. உதவித்தொகை வந்துதான்னு எவனும் கேக்கலை, பாடினவங்க உட்பட. நல்லாப் பாடினா பொன்னாடை. தெருவுக்குத் தெரு போட்டியும் வெச்சாங்க, மாசத்துக்கு ஒரு தெரு அரையிறுதிக்குப் போகும்.

எங்க தெருச் சாக்கடை ஒரு வருஷமா அடைச்சுக்கிட்டு வழியுது. நான் அதைத் தோடியில பாடினேன். 'ஓடாத நீரே, உனக்கென்ன கோபம்'னு எடுப்பு, கொசுக்கடியைப் பத்தி ரெண்டு சரணம். பூமிநாதன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே பொன்னாடை போர்த்தினார். எங்க தெரு இறுதிச் சுற்றுக்குப் போயிடுச்சு. விதி ஒண்ணே ஒண்ணுதான். தீர்க்கப்பட்ட குறையைப் பாடக்கூடாது.

இறுதிச் சுற்று அன்னிக்குத் தெருவே திரண்டு வந்துச்சு. ஒரே கலர் சட்டை, ஒரே கலர் புடவை. செம்பியனும் ஓத்ரேயும் பின்னாடி உக்காந்திருந்தாங்க. கல்யாணம் ஆகி எங்க தெருவுக்குத்தான் குடிவந்திருந்துச்சுங்க. ஓத்ரேக்குக் கொசுக்கடியில காய்ச்சல் வந்து அப்பத்தான் எந்திரிச்சிருந்துச்சு. நான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு மைக்குக்குப் போறதுக்குள்ள செம்பியன் விடுவிடுன்னு எந்திரிச்சு வந்து மைக்கைப் புடிச்சான். மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையா அதிகாரிங்க. அவன் கொஞ்சம்கூட அசரலை.

"சார், எங்க தெருச் சாக்கடை அடைச்சிருக்கு. என் ச... சம்சாரத்துக்குக் காய்ச்சல். ஆள் அனுப்பி அள்ளிவிடுங்க."

அவ்வளவுதான். இவ்வளவு நாள்ல ஒருத்தன் என்ன வேணும்னு நேரடியாச் சொன்னது அதுதான் மொத தடவை. பூமிநாதன் பேந்தப் பேந்த முழிச்சார். அப்புறம் என்ன நினைச்சாரோ, பக்கத்துல இருந்தவர்கிட்ட, "யாருங்க துப்புரவுப் பிரிவு? போன் போடுங்க, இன்னிக்கே ஆள் அனுப்பலாமே," என்றார். நெசமாவே சொன்னார். போனையும் கையில எடுத்துட்டாங்க.

எங்க தெருக்காரங்க பதறிப்போயிட்டோம். இன்னிக்குச் சாக்கடையை அள்ளிட்டா, எதைப் பாடி ஜெயிக்கிறது?

"டேய் செம்பியா! பேசிக் காரியத்தைக் கெடுக்காதடா! வாயை மூடிக்கிட்டு உக்காருடா!"

பொம்பளைங்க, ஆம்பளைங்க, என் அக்கா, நான், அத்தனை பேரும் ஒண்ணாக் கத்தினோம். அவன் மைக்கைக் கீழ வெச்சுட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் ஒண்ணும் சொல்லாமப் போயி ஓத்ரே பக்கத்துல உக்காந்துட்டான்.

நாங்க கத்தினது எல்லாம் ஒரே சுருதியில இருந்துதாம். நடுவர்கள் அதுக்குத் தனி மதிப்பெண் குடுத்திருக்காங்க.